சைக்கிளை எங்கே பூட்டுவதாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சைக்கிள் ஓட்டுவது சுகம் என்பவர்கள் கடற்கரையோடு நின்றுவிடுகிறவர்கள். ப்ளூ லகூனிலிருந்து ஊஷாக்கா வரை கடலோரமாக அருமையான பாதை, சரி. கத்தரிக்காய் அங்கேயா விற்கிறது?

புரட்டாசி மாதம், வீட்டில் கவிச்சி கிடையாது, காய் வாங்கியே ஆகவேண்டும். புறநகர்ப் பகுதியான சாட்ஸ்வொர்த் மேடுகளில் மூச்சிரைக்க ஏறிப் போனால், கடை வளாகத்தில் காருக்கு நிழற்கூரை, டிராலிக்குத் தனி இடம். சைக்கிளுக்கு ஒரு இரும்புக் கம்பிகூட இல்லை. டிராலி வேலியில் பூட்டினால் செக்யூரிட்டி ஓடி வருகிறார், "இங்கே கூடாது." எங்கே கூடும் என்றால் கையை விரிக்கிறார்.

சுவரில் சாத்திச் சக்கரத்தை மட்டும் பூட்டினால் வண்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடலாம். கேபிள் பூட்டை ஒரு கட்டர் நறுக்கிவிடும். கனமான யு-லாக், அதாவது U வடிவ இரும்புப் பூட்டு, வைத்திருக்கிறேன், அதை மாட்ட ஏதாவது நட்டு வைத்திருக்க வேண்டுமே! நிறுத்தியிருக்கும் கார்களுக்குக் காவல் நிற்கும் கார் கார்டு நல்ல மனுஷர்தான், சில ராண்டுக்கு "நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். ஆனால் ஒரு கார் பின்னால் எடுத்ததும் அங்கே ஓடிவிடுவார். அதுதானே அவர் பிழைப்பு.

ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டு சைக்கிளாவது நிற்கும். நிர்வாகத்திடம் சொன்னால், "சைக்கிளில் யாரும் வருவதில்லையே" என்கிறார்கள். எப்படி வருவார்களாம்?