குறைய ஓடினதை விக்கினம் எண்டால் பழுது எண்டில்லை

“குறைய ஓடின பழைய ஸ்போர்ட்ஸ் காரை விக்கினம் எண்டால் எஞ்சினில ஏதோ பிழை” எண்டு மேல எழுதின தம்பிக்கு: அது சரியில்லை. கனபேர் விக்கிறது ரெண்டு சீட்டுக்குள்ள பிள்ளையளை ஏத்தேலாது, நாரிநோவோட அவ்வளவு பதிவில இருந்து எழும்பேலாது எண்டுதான். இலங்கையில 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிண்டபிறகு விலை ஏறினதும் ஒரு காரணம். விக்காமல் வச்சிருக்கிறவை, 1997க்குப் பிறகு மஸ்டா எம்எக்ஸ்-5 எண்ட ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரில மேலெழும்புற ஹெட்லைட் வராது எண்டு தெரிஞ்சுதான் வச்சிருக்கினம்.

மீற்றரை விட றப்பரைப் பாருங்கோ. ரயர்ப் பக்கத்தில இருக்கிற இலக்கம் 2314 எண்டு முடிஞ்சால் 2014ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது. பூ (றோட்டில படுற வெட்டு) தேயாமல் புதுசு மாதிரி இருக்கும், பக்கச்சுவரில நூல்நூலாய் வெடிப்பு ஓடியிருக்கும். எஞ்சினில இருக்கிற றப்பர்ப் பட்டி, ரைமிங் பெல்ட்டும் ஓடாமலே முதிரும். எங்கட காரைநகர்ப் பக்கம் உப்புக்காத்தில கறள் பிடிக்கிறது வேற. கீழ படுத்து அடித்தட்டைப் பாக்காமல் காசு குடுக்காதேங்கோ.