ஒரே தோட்டாவில் செப்பலின் வெடிக்குமா?

"முதல் உலகப்போரில் ஜெர்மனியின் செப்பலின் வான்கப்பலில் ஒரு தோட்டா பட்டாலே போதும், ஹைட்ரஜன் வெடித்துவிடும்" என்று பகிரப்படும் செய்தி தவறு.

ஹைட்ரஜன் காற்றுடன் கலந்தால்தான் எரியும். கலவையில் அதன் பங்கு சுமார் 4 முதல் 75 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வான்கப்பலை மிதக்கவைத்த இந்த வாயு ஒரே பையில் இல்லை. மாட்டுக்குடல் சவ்வை அடுக்கடுக்காக ஒட்டிய பல தனித்தனி பைகளில் இருந்தது. உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றே அதிகம் என்பதால், சாதாரணத் தோட்டா போட்ட ஓட்டையில் வாயு மெல்லத்தான் கசியும். 1915 முழுக்க இவற்றை வீழ்த்த முடியாமல் பிரிட்டிஷ் விமானிகள் திணறியதற்கு இதுவும் முக்கியக் காரணம்.

1916 செப்டம்பர் 3 அதிகாலையில் பிரிட்டிஷ் விமானி லீஃப் ராபின்சன் எஸ்எல் 11 என்ற ஜெர்மன் வான்கப்பலை வீழ்த்தியதைப் பாருங்கள். அவரது லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியில் புரோக், பொமராய் என்ற வெடிக்கும் வகைத் தோட்டாக்கள் இருந்தும், முதல் இரண்டு டிரம்களை (வட்டத் தோட்டா உறைகளை) கப்பலின் உடல் நெடுகப் பரவலாகச் சுட்டதில் பலனில்லை. மூன்றாவதைப் பின்பகுதியில் ஒரே இடத்தில் கொட்டிய பிறகே தீப்பிடித்தது. கப்பலில் இருந்த 16 பேரும் இறந்தனர்.

இன்னொன்று: எஸ்எல் 11 செப்பலினே அல்ல, ஷூட்டே-லான்ஸ் என்ற வேறொரு நிறுவனம் மரச்சட்டத்தில் கட்டிய வான்கப்பல்.