மறுகாலில் மணல் மூட்டை அடுக்காதீர்கள்

குமரி மாவட்டத்தில் அணை என்றாலே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு பற்றித்தான் பேச்சு. மழை பிடித்துவிட்டால் நீர்மட்டம் எத்தனை அடி என்று தினமும் செய்தி வரும். ரப்பர் தோட்டங்களுக்குள் ஓடையை மறித்து மண்கரை போட்டிருக்கும் தனியார் குளங்களின் மட்டத்தை யார் பார்க்கிறார்கள்?

எங்கள் வீட்டுக்கு மேலே அப்படி ஒன்று இருக்கிறது. மீன் வளர்க்க இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும் என்று மறுகாலில், அதாவது மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் வழியில், இரண்டு வரிசை மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். என்னால் இதை ஏற்கவே முடியாது. கரைக்கு மேலே தண்ணீர் வழிந்தால் மண் தாங்காது. வெளிச்சரிவை அரித்துக்கொண்டே போய்ச் சில மணி நேரத்தில் உடைத்துவிடும். அப்படி வழியாமல் இருக்கத்தான் மறுகால். அதை ஒரு அடி உயர்த்தினால், பெருமழைக்கென்று விட்டுவைத்த இடத்தில் ஒரு அடி போச்சு. 2021 நவம்பர் மழையில் இந்த மாவட்டம் பட்ட பாடு அதற்குள் மறந்துவிட்டதா?

அப்புறம் கசிவு. மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அடிவாரத்தில் வரும் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்துப் பாருங்கள். தெளிவாக, ஒரே அளவில் வந்தால் கவனித்து வரலாம். கலங்கி வந்து அடியில் மண் படிந்தால், கரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது. உடனே வெளிப்பக்கம் களிமண்ணை அப்பி அடைப்பார்கள். தப்பு. தண்ணீர் வேறு வழி பார்க்கும். முதலில் குளத்தின் மட்டத்தை இறக்க வேண்டும். கசியும் இடத்தில் மணலும் அதன்மேல் ஜல்லியும் போட்டால் தண்ணீர் வெளியேறும், மண் நிற்கும். கரையில் மரம் நடுவதும் வேண்டாம். மரம் பட்டு வேர் மக்கினால் தண்ணீருக்கு அதுவே பாதை.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும்தான். நம் தோட்டத்துக் குளங்கள் அதில் வராது. அதற்காகப் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. தன் நிலத்தில் தேக்கிய தண்ணீர் அடுத்தவர் சுரங்கத்தில் புகுந்ததற்கு, தேக்கியவரே பொறுப்பு என்று 1868-லேயே இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் வழக்கில் தீர்ப்பானது. சரி, கார்வேட்டிநகரம் ஜமீனின் குளங்கள் உடைந்து ரயில்வேக்குச் சேதமானபோது 1874-ல், அன்று இந்திய வழக்குகளின் மேல்முறையீட்டைக் கேட்ட லண்டன் பிரிவி கவுன்சில் ஜமீன்தாரை விட்டுவிட்டதே என்பார்கள். அவை காலங்காலமாக ஊர்ப் பாசனத்துக்கு இருந்த குளங்கள். அவர் பக்கம் கவனக்குறைவும் இல்லை. மீனுக்காக மறுகாலை அடைத்தவர் இதைச் சொல்லித் தப்ப முடியுமா?

நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. குளம் வைத்திருப்பவர்களே, ஒவ்வொரு மழைக்கும் முன்னால் மறுகாலைத் திறந்துவிடுங்கள். மதகு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். கீழே குடியிருக்கும் எங்களில் இரண்டு பேரையாவது உங்களோடு கரையில் நடந்து பார்க்க விடுங்கள்.