மூணாவது சீசன் வரைக்கும் நல்லாத்தானே போச்சு?

புது சீசனோட முதல் எபிசோட். அதே வீடு, அதே முகங்கள், அதே டைட்டில் இசை. பத்து நிமிஷம் போறதுக்குள்ள ஏதோ இடிக்குது. மூணு சீசனா வாயைத் திறந்து ஒரு மன்னிப்பு கேட்காத மனுஷன், சோபால உட்கார்ந்து மனசுல இருக்கிறதையெல்லாம் ஒரு பக்க வசனமா கொட்டுறான். கண் ஜாடையிலேயே பேசிக்கிட்ட ரெண்டு பேர், இப்ப வரிக்கு வரி பேர் சொல்லிக் கூப்பிட்டு நமக்குக் கதைச் சுருக்கம் வாசிக்கிறாங்க. மறுநாள் எங்க பார்த்தாலும் ஒரே தீர்ப்பு: "இந்த ஆளுக்கு நடிப்பே மறந்துபோச்சு."

அவருக்கு ஒண்ணும் மறக்கலைய்யா! ஷோரன்னரை, அதாவது தொடரை மொத்தமா நடத்துற தலைமை எழுத்தாளரை, மாத்திட்டாங்க. அதை யாரும் உங்ககிட்ட சொல்லலை, அவ்வளவுதான்.

சினிமா பார்த்துப் பழகின கண்ணுக்கு இயக்குநர்தான் எல்லாம். அமெரிக்கத் தொடர்ல இயக்குநர் விருந்தாளி மாதிரி. ஒரு மணி நேர எபிசோடுன்னா ஏழெட்டு நாள் முன்தயாரிப்பு, ஏழெட்டு நாள் படப்பிடிப்பு, தன் பங்குக்கு ஒரு எடிட், அப்புறம் கிளம்பிடுவார். அடுத்த எபிசோடுக்கு வேற ஆள். கடைசி வரைக்கும் இருக்கிற ஒரே தலை ஷோரன்னர். 22 எபிசோட் சீசன் நடுவுல ஒரு சாதாரண நாளைப் பாருங்க: ஒரு கதையை ரைட்டர்ஸ் ரூம்ல (எழுத்தாளர்கள் கூடி உட்கார்ற அறை) போர்டுல காட்சி காட்சியா பிரிச்சுக்கிட்டிருப்பாங்க, ரெண்டு ஸ்கிரிப்ட் திருத்தத்துல இருக்கும், ஒண்ணு முன்தயாரிப்புல, ஒண்ணு செட்டுல, ரெண்டு மூணு எடிட்டிங்ல, ஒண்ணு சவுண்ட் மிக்ஸிங்ல. எல்லாத்துக்கும் சரி, வேண்டாம்னு சொல்றது ஒரே ஆள். யார் பேர்ல ஸ்கிரிப்ட் வந்தாலும் கடைசியா மாத்தி எழுதற கை பெரும்பாலும் அவரோடது. அந்தக் கையை வெட்டிட்டு வேற கையை ஒட்டினா கையெழுத்து மாறாம இருக்குமா?

அதுக்கு எவ்வளவு அவகாசம் கொடுக்கிறாங்கன்னு கேளுங்க. பழைய நெட்வொர்க் கணக்குப்படி மே மாசம் அடுத்த சீசனுக்கு அனுமதி, ஜூன்ல ரைட்டர்ஸ் ரூம் திறக்கும், ஜூலை கடைசியில படப்பிடிப்பு, செப்டம்பர் கடைசியில ஒளிபரப்பு. மே மாசம் பழைய ஆளை அனுப்பிட்டு புது ஆளை உட்கார வெச்சா, ரூம் திறந்ததுலேர்ந்து முதல் ஷாட் வரைக்கும் எட்டு வாரம் சுமார்தான் மிஞ்சும். அந்த எட்டு வாரத்துல அவர் அறுபது, எழுபது எபிசோட் பார்க்கணும், எழுத்தாளர்களைத் தேர்ந்தெடுக்கணும், சீசன் முழுக்கக் கதை எப்படிப் போகும்னு ஸ்டுடியோகிட்டயும் சேனல்கிட்டயும் சொல்லி ஒப்புதல் வாங்கணும்.

"சீரீஸ் பைபிள் இருக்கே"ம்பாங்க, தொடரோட விவரமெல்லாம் எழுதி வெச்ச கோப்பு. இருக்கு. யாருக்கு எத்தனை வயசு, யார் எந்த ஊர்ல படிச்சாங்க, எந்த எபிசோட்ல கார் விபத்து நடந்தது, எல்லாம் இருக்கும். இந்தக் கதாபாத்திரம் ஏன் "ஸாரி" சொல்லவே மாட்டான், அந்த ரெண்டு பேரை ஏன் ஒரே அறையில தனியா விட்டதே இல்லைங்கிறது அதுல இருக்காது. வேணும்னே எழுதாம விட்டது எதுவோ, அது எந்த ஃபைல்லயும் இல்லை. போனவர் தலையில இருந்தது, அவரோட போயிடுச்சு.

கில்மோர் கேர்ள்ஸை எடுத்துக்கோங்க. ஒரு மணி நேரத் தொடருக்கு வழக்கமா 50 பக்கம் சுமார் வர்ற ஸ்கிரிப்ட், அங்க 80 பக்கம் வரைக்கும் போகும். அத்தனையையும் அதே 42 நிமிஷத்துக்குள்ள பேசி முடிக்கணும். வேகம்தான் அந்தத் தொடரோட உயிர். ஒப்பந்தப் பேச்சு முறிஞ்சு, தொடரை உருவாக்கின ஏமி ஷெர்மன்-பல்லாடினோவும் அவர் கணவரும் 2006ல ஆறாவது சீசனோட வெளியேறினாங்க. ஏழாவது சீசனை டேவிட் ரோசன்தால் நடத்தினார். அவர் புதுசா வந்தவரும் இல்லை, அதே ரூம்ல எழுதினவர்தான். ஆனா வசனத்துல மூச்சு விட இடம் வந்துடுச்சு, மூச்சு விட்டதும் தொடர் தளர்ந்துபோச்சு. ஷெர்மன்-பல்லாடினோ தொடரை முடிக்க முதல்லயே மனசுல வெச்சிருந்த கடைசி நாலு வார்த்தைகள் திரைக்கு வர 2016 வரைக்கும் ஆச்சு. முதல்ல நினைச்சப்ப கதையில வர்ற மகள் ரோரிக்குக் கல்லூரி முடிக்கிற வயசு, வந்தப்ப 32. அதே வார்த்தை, அர்த்தமே வேற.

இதைவிடக் கொடுமை காப்பி அடிக்கிறது. புது ஆளுக்குப் பயம்: ரசிகர்கள் திட்டுவாங்களே. அதனால பழைய தொடர்ல மேலாகத் தெரியற அடையாளங்களைப் பொறுக்குவார். முன்னாடி சீசனுக்கு ரெண்டு தடவை வந்த வசனம் இப்ப எபிசோடுக்கு ஒரு தடவை. கொஞ்சம் முட்டாளா இருந்தவன் முழு முட்டாள், கொஞ்சம் கறாரா இருந்தவள் ராட்சசி. கம்யூனிட்டிங்கிற நகைச்சுவைத் தொடர்ல இதைத்தான் பார்த்தோம். 2012 மே மாசம் அதை உருவாக்கின டான் ஹார்மனைத் தூக்கிட்டு வேற ரெண்டு பேரை உட்கார வெச்சாங்க. யாரும் தன்னைக் கூப்பிட்டுப் பேசக்கூட இல்லைன்னு அவரே எழுதினார். நாலாவது சீசன்ல 13 எபிசோட். பாப் கலாசாரப் பகடியும் வித்தியாசமான கட்டமைப்பும் இருந்தது. எதுக்காக அதைப் பண்றாங்கங்கிற காரணம் மட்டும் இல்லை. அடுத்த சீசனுக்கு ஹார்மனையே திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. வந்தவர் அந்த வருஷத்தைக் "கேஸ் கசிஞ்ச வருஷம்"னு கதைக்குள்ளேயே நக்கல் அடிச்சார். சிரிச்சோம், சரி. அந்தக் கசிவுல நின்னு நடிச்சவங்களை நினைச்சா சிரிப்பு வரலை.

எனக்கு உண்மையிலேயே வயிறு எரியறது இங்கதான். ஷோரன்னர் போகலாம், தூக்கப்படலாம், அவருக்கு வக்கீல் இருக்கார். வாக்கிங் டெட் தொடரை உருவாக்கின ஃபிராங்க் டேரபான்ட்டை 2011ல ரெண்டாவது சீசன் படப்பிடிப்பு நடக்கும்போதே அனுப்பினாங்க. 2013ல அவர் போட்ட வழக்கு ஏழு வருஷத்துக்கு மேல இழுத்து 2021ல 20 கோடி டாலர் சமரசத்துல முடிஞ்சது. நடிகர் என்ன பண்ணுவார்? பைலட் (முதல் சோதனை எபிசோட்) எடுக்கிறதுக்கு முன்னாடியே ஆறு, ஏழு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கிடுவாங்க. வேணும்னா வெச்சுக்கிறது, வேண்டாம்னா விடறது ஸ்டுடியோ இஷ்டம். இவர் நினைச்ச நேரத்துல கிளம்ப முடியாது. யாரை நம்பி ஒப்புக்கிட்டாரோ அவர் இல்லை. கதாபாத்திரத்தோட நாலு வருஷம் வாழ்ந்தவர் இவர், எட்டு வாரம் பழகினவர் அவர். "என் ஆள் இப்படிப் பேச மாட்டான்"னு இவர் சொன்னா முதல் தடவை பேசித் தீர்ப்பாங்க, மூணாவது தடவை "இவரோட வேலை பார்க்கிறது கஷ்டம்"னு முத்திரை குத்திடுவாங்க. சொல்லாம நடிச்சா, நடிப்பு போச்சுன்னு நாம குத்துவோம்.

டேரபான்ட்டோட பல படங்கள்ல நடிச்சவர் ஜெஃப்ரி டிமன். டேரபான்ட் தூக்கப்பட்டதும் "என் கதாபாத்திரத்தைக் கொன்னுடுங்க"ன்னு தானே கேட்டு வாங்கினதா டிமனே சொல்லியிருக்கார். ரெண்டாவது சீசன்லயே அவர் நடிச்ச டேல் செத்துப்போனது அப்படித்தான். மூலக் காமிக்ஸ்ல டேல் இன்னும் எவ்வளவோ தூரம் வருவார். கதையில வர்ற குழுவோட மனசாட்சியா இருந்த கிழவனைப் பிடுங்கினதும் கதையோட எடையே ஒரு பக்கம் சாய்ஞ்சது. அமெரிக்கன் காட்ஸ் தொடர்ல 2017ல ஷோரன்னர்கள் பிரையன் ஃபுல்லரும் மைக்கேல் கிரீனும் போனதும் நடிகைகள் ஜில்லியன் ஆண்டர்சனும் கிறிஸ்டின் செனோவெத்தும் திரும்பி வரலை. மூணு சீசனுக்குள்ள தலைமை ரெண்டு தடவையாவது மாறி, 2021ல கடையை மூடிட்டாங்க.

போனவங்க எல்லாரும் உத்தமர்கள்னும் சொல்லலை. அமெரிக்க ஜனாதிபதி மாளிகையைப் பத்தின தி வெஸ்ட் விங் தொடரை உருவாக்கின ஆரன் சோர்கின், ஸ்கிரிப்டைத் தாமதமா கொடுத்து பட்ஜெட்டை எகிற வெச்சது ஊரறிஞ்ச கதை. 2003ல கிளம்பும்போது, ஜனாதிபதி மகளைக் கடத்த வெச்சு, ஜனாதிபதியைப் பதவியிலிருந்து ஒதுங்க வெச்சு, எதிர்க்கட்சி சபாநாயகர் கையில நாட்டைக் கொடுத்துட்டுப் போனார். முடிச்சு போட்டவர் ஒருத்தர், பல்லால கடிச்சு அவுக்க வேண்டியவர் ஜான் வெல்ஸ். வெல்ஸ் முதல் நாள்லேர்ந்து அதே தொடரோட தயாரிப்பாளர்! அவருக்கே ஐந்தாவது சீசன் முழுக்கத் திணறல். புதுசா வர்றவர் கதி என்ன?

மாத்தவே கூடாதுன்னு இல்லை, மாத்தற முறை இருக்கு. பிரிட்டிஷ் தொடர் டாக்டர் ஹூல 2010லயும் 2018லயும் ஷோரன்னர் மாறினப்ப கதாநாயக நடிகரும் சேர்ந்து மாறினார். பழைய சட்டையைப் புது ஆளுக்கு மாட்டிவிடலை. நாயகன் உருவம் மாறறது அந்தக் கதையிலேயே இருக்கிறதால அவங்களுக்கு வசதி. சூப்பர்நேச்சுரல்ல, அதை உருவாக்கின எரிக் கிரிப்கி ஐந்து சீசனுக்குன்னு யோசிச்ச கதையை முடிச்சுட்டு, முதல் சீசன்லேர்ந்து ரூம்ல இருந்த செரா கேம்பிள்கிட்ட கொடுத்தார். தொடர் 15 சீசன் ஓடுச்சு. அந்த வசதி இல்லாதவங்க குறைஞ்சது இதையாவது செய்யலாம்: பழையவரும் புதியவரும் நாலைந்து எபிசோடாவது சேர்ந்து வேலை பார்க்கட்டும், அதுவும் ரூம்ல மட்டும் இல்லாம எடிட்டிங்லயும். ஒரு முகத்து மேல இன்னும் ரெண்டு விநாடி நிக்கணுமா, வெட்டணுமான்னு முடிவு பண்றது அங்கதான். அந்த ரெண்டு விநாடிதான் தொடரோட குணம். எடிட்டர்களை மாத்தாதீங்க. ஸ்கிரிப்ட் கோஆர்டினேட்டரையும் ரைட்டர்ஸ் அசிஸ்டென்ட்டையும் தயவுசெஞ்சு அனுப்பிடாதீங்க. ரூம்ல பேசி வேண்டாம்னு தள்ளின கதைகள் ஏன் தள்ளப்பட்டதுங்கிற குறிப்பு அவங்ககிட்டதான் இருக்கும். செலவு குறைக்கிறேன்னு முதல்ல கை வைக்கிறது அவங்க மேலதான், புத்திசாலிங்க! முதல் ஸ்கிரிப்ட் எழுதறதுக்கு முன்னாடி ஒவ்வொரு முக்கிய நடிகரோடயும் தனியா ஒரு மணி நேரம் உட்காருங்க. "உங்க ஆள் எதைச் செய்யவே மாட்டான்?"னு கேளுங்க. பைசா செலவில்லை.

இவ்வளவும் நடந்த பிறகும் டைட்டில்ல "உருவாக்கியவர்"னு பழைய பேர்தான் ஓடும். அது ஒப்பந்தப்படி அவர் உரிமை, போனாலும் போகாது. அதைப் பார்த்து அவரே இன்னும் எழுதறார்னு நம்பிடாதீங்க. எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர் வரிசையைப் பாருங்க. பல அமெரிக்கத் தொடர்கள்ல எபிசோட் முடிஞ்சதும் தனியா வர்ற முதல் அட்டையில இருக்கிறது ஷோரன்னர் பேர்தான். போன சீசனோட கடைசி எபிசோட்ல அந்த அட்டையை நிறுத்திப் படிங்க, இந்த சீசனோட முதல் எபிசோட்லயும் படிங்க. பேர் வேறயா இருந்தா, அந்த நடிகரைத் திட்டி எழுதினதை முதல்ல போய் அழிங்க.