பஞ்சாயத்து ஆபீஸோடு நின்றுபோன இணையம்

ஒரு ஊருக்கு இணையம் வந்துவிட்டது என்று அரசாங்கம் எப்போது சொல்கிறது? பஞ்சாயத்து அலுவலகம் வரை ஃபைபர் கேபிள் வந்து, சுவரில் ஒரு பெட்டியை மாட்டி, அதில் பச்சை விளக்கு எரிந்துவிட்டால் போதும், அந்த ஊர் பட்டியலில் ஏறிவிடும். அடுத்த வாரமே ரோடு போட வந்த ஜேசிபி அந்தக் கேபிளை அறுத்துப் போட்டாலும் பட்டியலில் இருந்து பெயர் இறங்காது. என் கோபமெல்லாம் இந்தக் கணக்கின் மேல்தான்.

கிராமங்களுக்கு ஃபைபர் என்ற பேச்சு புதிதில்லை. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் தலா 100 எம்பிபிஎஸ் வேகத்தில் இணையம் என்றார்கள். பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறியது. 2020 சுதந்திர தின உரையில், ஆயிரம் நாளில் ஆறு லட்சம் கிராமங்களுக்கும் ஃபைபர் போய்ச் சேரும் என்று பிரதமர் அறிவித்தார். அந்த ஆயிரம் நாள் 2023 மே மாதத்தோடு முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 1.39 லட்சம் கோடி ரூபாயில் திருத்திய திட்டத்துக்கு மறுபடி ஒப்புதல் கொடுத்தார்கள். இதற்கான பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை இதற்கென்றே உள்ள நிதிக்குக் கட்டுகின்றன. அந்த வருவாய் நாம் செய்யும் ரீசார்ஜ்தான். சிக்னலே சரியாகக் கிடைக்காத ஊர்க்காரரும் மாதாமாதம் இதற்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் 1 ஜிபிபிஎஸ், அதாவது ஆயிரம் எம்பிபிஎஸ் என்பது மாநில அரசின் ஃபைபர் நிறுவனமான டான்ஃபிநெட்டின் இலக்கு. அதற்கான டெண்டரில் போட்டியைக் குறைக்கும் நிபந்தனைகள் இருப்பதாகப் புகார் எழுந்து, 2020 ஜூனில் மத்திய அரசு தலையிட, அந்த டெண்டர் ரத்தானது. பள்ளிகள் மூடியிருந்த வருடம் அது. ஆன்லைன் வகுப்புக்குச் சிக்னல் தேடி பிள்ளைகள் மொட்டைமாடியிலும் பாறை மேலும் உட்கார்ந்திருந்த வருடம். டெண்டரை ரத்து செய்தது சரியா தவறா என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் தவறான டெண்டருக்கான விலையைக் கொடுத்தது அந்தப் பிள்ளைகள்.

சரி, கேபிள் வந்த இடங்களில் ஏன் ஓடுவதில்லை? முதல் காரணம், பாரத்நெட்டின் பழைய அமைப்பு. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருந்து ஒரே கோடாக, ஊர் ஊராகப் போகும். நடுவில் ஓர் இடத்தில் அறுந்தால் அதற்கப்புறம் இருக்கிற எல்லா ஊரும் இருட்டு. வளையமாகப் போட்டிருந்தால் மறுபக்கம் சுற்றி வந்து சேர்ந்திருக்கும். இதைத்தான் 2023 திட்டத்தில் திருத்தியிருக்கிறார்கள், பன்னிரண்டு வருடம் கழித்து. இரண்டாவது, யாருடைய பொறுப்பு என்பது. குடிநீர்க் குழாய் பதிக்க ஒரு துறை தோண்டும், ரோட்டை அகலப்படுத்த இன்னொரு துறை தோண்டும், கேபிள் மூன்றாவது துறையுடையது. மின்கம்பத்தில் இழுத்துக் கட்டிய கேபிள் என்றால் காற்றடித்து மரம் சாய்ந்தால் போச்சு. அறுந்த ஃபைபரை ஒட்ட ஸ்ப்ளைசிங் மெஷினும் அது தெரிந்த ஆளும் வேண்டும். அவர் மாவட்டத் தலைநகரில் இருந்து வர வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தாலும், கரண்ட் போனதும் பேட்டரி செத்துக் கிடக்கும். பேட்டரி மாற்ற யார் செலவழிப்பது என்று கேட்டால் பதில் வராது.

'அதுதான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே' என்று நகரத்து நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான், நாட்டின் பிராட்பேண்ட் இணைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மொபைல் வழியாகத்தான். ஆனால் கிராமத்து டவர் என்பது பல ஊர்கள் பங்குபோட்டுக்கொள்கிற ஒன்று. அந்த டவருக்கே ஃபைபர் போயிருக்காது, இன்னொரு டவரில் இருந்து மைக்ரோவேவ் ரேடியோ அலையில் வருவதை வாங்கி விநியோகிக்கும். இரவு ஏழு மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் திணறத்தான் செய்யும். நம் நாட்டில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள 2 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். அதுவும் 2023இல்தான் வந்தது, அதற்கு முன் 512 கேபிபிஎஸ், அதாவது அதில் கால்பங்கு. அமெரிக்கா 2024இல் இந்த அளவை 100 எம்பிபிஎஸ் ஆக்கிவிட்டது. அந்த அளவு நமக்கு உடனே வேண்டும் என்று கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் பாடம் பார்க்க முடியாத வேகத்துக்கு பிராட்பேண்ட் என்று பெயர் வைக்காதீர்கள் என்கிறேன்.

இது பொழுதுபோக்குப் பிரச்சினை இல்லை. ரேஷன் கடையில் கைரேகை வைக்க நெட் வேண்டும். சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் நெட் வேண்டும். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரியில் இருந்து போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றினால்தான் வருகைப் பதிவு என்றாக்கினார்கள். மண் வெட்டிய அம்மாவுக்கு, போட்டோ ஏறாததால் கூலி விட்டுப்போவது என்ன நியாயம்? எல்லாவற்றையும் ஆன்லைனுக்கு மாற்றியது அரசு. அப்படியென்றால் இணைப்பு அறாமல் பார்த்துக்கொள்வதும் அரசின் கடமை. இணையம் கிடைப்பது கல்வி உரிமையில் சேர்ந்தது என்று கேரள உயர்நீதிமன்றம் 2019இலேயே தீர்ப்பு சொல்லிவிட்டது.

எனக்குத் தெரிந்து நடக்கக்கூடிய வழி ஒன்று இருக்கிறது. ஊர் ஊருக்குக் கேபிள் டிவிக்காரர்கள் இருக்கிறார்கள். எந்த வீடு எந்தச் சந்தில் என்று அவர்களுக்குத் தெரியும். படம் தெரியவில்லை என்று போன் போட்டால் ஏணியோடு வந்து நிற்பார்கள். பஞ்சாயத்து வரை வந்த ஃபைபரை நியாயமான மொத்த விலையில் அவர்கள் கையில் கொடுங்கள். வீட்டுக்கு இழுப்பதும் பழுது பார்ப்பதும் அவர்கள் தொழிலாகட்டும். ஒட்டுகிற மெஷினை ஒன்றியத்துக்கு ஒன்றாவது வாங்கி வையுங்கள். மெயின் கேபிள் அறுந்து இத்தனை மணி நேரத்துக்குள் சரியாகவில்லை என்றால் பராமரிப்பு ஒப்பந்தக்காரருக்கு அபராதம் என்று போட்டு, அதை நிஜமாகவே வசூலியுங்கள்.

அப்புறம், இத்தனை கிலோமீட்டர் கேபிள் போட்டோம் என்ற கணக்கை நிறுத்துங்கள். போன மாதம் எந்த ஊராட்சியில் எத்தனை நாள் இணைப்பு ஓடியது, எத்தனை வீடுகளுக்குப் போனது என்று மாதாமாதம் வெளியிடுங்கள். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. தெருவிளக்கையும் குடிநீரையும் கேட்கிற அதே கூட்டத்தில் இதையும் கேட்டுத் தீர்மானமாக எழுத வையுங்கள். பெட்டி இருக்கிறதா, ஓடுகிறதா, ஓடாவிட்டால் யாருக்குப் போன் செய்ய வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் மினிட் புத்தகத்தில் ஏற வேண்டும்.