நூற்றைந்தை 1005 என்று எழுதிய சிறுமி

கேரளத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்கு அருகே ஒரு தமிழ்வழி எல்.பி. (தொடக்க) பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். சென்ற ஆண்டு இரண்டாம் வகுப்பில் எண்களைச் சொல்லி எழுதச் சொன்னபோது, நூற்றைந்து என்று நான் சொன்னதை ஒரு சிறுமி 1005 என்றும், நூற்றிருபதை 10020 என்றும் எழுதியிருந்தாள். இரண்டையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன். அவள் அழவில்லை, அடம்பிடிக்கவுமில்லை. "நீங்க சொன்னதைத்தான டீச்சர் எழுதினேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. நூறு என்றால் 100, ஐந்து என்றால் 5 என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தவள் நான்தான். காதில் விழுந்த வரிசையிலேயே அந்த இரண்டையும் அவள் அடுத்தடுத்து வைத்திருக்கிறாள். அதே பிள்ளை இருபத்தைந்தை 205 என்று எழுதவில்லை. ஏனென்றால் நூறு வரையுள்ள எண்கள் எழுதி எழுதிக் கைக்குப் பழகியவை. நூறைத் தாண்டியதும் மனப்பாடம் துணைக்கு வரவில்லை. அங்கே யாரும் சொல்லித் தராத ஒரு விதியை அவளே உண்டாக்கி, பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள். சிந்திக்காத பிள்ளைக்கு இது வராது.

இதில் நம் மொழிக்கும் பங்கு உண்டு. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு ஒலிக்கிறது, ஆனால் எண் நூறுக்கு உட்பட்டது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒலிக்கிறது, ஆனால் அது ஆயிரத்தை எட்டாது. மலையாளத்திலும் இதே கதைதான். தெலுங்கிலோ ஒன்பது நூறுகள் என்றே நேராகச் சொல்லிவிடுகிறார்கள். தொள்ளாயிரம் என்றதும் ஒரு குழந்தை 1000 என்று எழுதத் தொடங்கினால், அது கவனக்குறைவால் அல்ல, கவனமாகக் கேட்டதால் நேர்ந்த பிழை.

குழந்தைகளின் தவறான விடைகளை மதித்துப் பார்த்தவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸில் குழந்தைகளுக்கான அறிவுச் சோதனைகளைத் தரப்படுத்தும் வேலையில் அவர் இருந்தார். சரியான விடைகளை எண்ணுவதே அந்த வேலை. ஆனால் ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரியாகத் தவறு செய்வதை அவர் கண்டார். அந்தத் தவறுகளுக்கு வழிவகுத்த சிந்தனை எது என்று அவர்களிடமே பேசிப் பேசிக் கேட்டறிந்தார். புதிதாக ஒன்று எதிர்ப்படும்போது குழந்தை முதலில் அதைத் தன்னிடம் ஏற்கெனவே உள்ள எண்ணத்துக்குள் அடக்கப் பார்க்கிறது. அடங்காதபோது அந்த எண்ணத்தையே மாற்றிக்கொள்கிறது என்பதே அவர் கண்டதன் சாரம். என் மாணவி முதற்படியில் நின்றிருந்தாள். இரண்டாம் படிக்கு அவள் ஏறவிருந்த நேரத்தில் நான் குறுக்குக் கோடு போட்டு ஆட்டத்தை முடித்துவிட்டேன்.

பியாஜே சொன்ன வயதுக் கணக்குகளை அப்படியே வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை என்று பின்னர் வந்தவர்கள் காட்டினார்கள். ஒரே எண்ணிக்கையில் வில்லைகள் உள்ள இரண்டு வரிசைகளில் ஒன்றை ஆய்வாளரே நீட்டி வைத்துவிட்டு "இப்போது எதில் அதிகம்?" என்று கேட்டால் பல சிறு குழந்தைகள் நீண்ட வரிசையைக் காட்டுகின்றன. 1974இல் ஸ்காட்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்றில், அதே வரிசையைக் குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று கலைத்ததாகக் காட்டியபோது, இரண்டும் சமம் என்று மேலும் பல குழந்தைகள் சொல்லிவிட்டன. பெரியவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு மறுபடியும் கேட்டால், விடையும் மாறியிருக்க வேண்டும் என்று பிள்ளை நினைப்பதில் என்ன தவறு? நாம் கேட்கும் முறையும் அதன் விடைக்குள் கலந்திருக்கிறது.

எல்லையோரத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கோபாலபுரத்தைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்து இங்கே மலையாள வழியில் சேர்ந்த ஒரு பையனிடம், 28, 35 இரண்டையும் எழுதிக் காட்டி "ஏதாணு கூடுதல்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் 63 என்று எழுதினான். மலையாளத்தில் அந்தக் கேள்வி எது பெரியது என்பது; தமிழில் "கூடுதல் காண்க" என்று படித்தே பழகியவனுக்கோ அது கூட்டச் சொல்லும் கட்டளை. அவன் கூட்டலில் பிழையே இல்லை. ஆனால் எண்ணின் மதிப்பே தெரியாதவன் என்று அவன் தாயிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாய் என் முன்னால் கண்கலங்கி நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்து, 37 வயதிலேயே காசநோய்க்கு இரையான ரஷ்ய அறிஞர் லெவ் வைகாட்ஸ்கியை எங்கள் ஊர் ஆசிரியர்கள் அனைவரும் படிக்க வேண்டும் என்பேன். சிந்தனை மொழிக்குள்ளும் பிறரோடு பேசும் பேச்சுக்குள்ளும் வளர்கிறது என்றார் அவர். குழந்தை தனியாகச் செய்யக்கூடியதற்கும், தெரிந்த ஒருவரின் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட வெளியில்தான் கற்பித்தலுக்கு இடம் இருக்கிறது என்றும் சொன்னார். வீட்டு மொழியை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லும் வகுப்பறை அந்த வெளியைத் தன் கையாலேயே அடைத்துவிடுகிறது.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து சிறுவர் சிறுமியரைக் கொண்டு நடந்த ஆய்வு 1985இல் வெளியானது. வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் ஏறத்தாழ 98 விழுக்காட்டுக்குச் சரியாக விடை சொன்னவர்கள், அதே வகைக் கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகத் தந்தபோது 37 விழுக்காட்டையே சரியாகச் செய்தார்கள். அப்பாவோடு சந்தைக்குப் போய்த் தக்காளிக் கூடைக்குச் சில்லறை எண்ணித் தரும் எங்கள் பிள்ளைகளிடமும் இதைக் காண்கிறேன்.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட ஆவணமும், 2007இல் கேரளம் வகுத்த ஆவணமும் அறிவைக் குழந்தையே கட்டுகிறது என்பதை ஏற்றுக்கொண்டவை. நடைமுறையில் அது பல இடங்களில் சார்ட்டு ஒட்டுவதாகவும், வண்ணம் தீட்டுவதாகவும், சொல்லிக் கொடுக்காமல் விலகி நிற்பதாகவும் சுருங்கிப்போனது எனக்கு வருத்தம் தருகிறது. வீடு கட்டுகிறவருக்கும் கொத்தனாரின் துணை வேண்டும். பிள்ளை என்ன கட்டிக்கொண்டிருக்கிறது என்று அறியாமல் ஒதுங்கி நிற்பதும், அறியாமல் இடித்துத் தள்ளுவதும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன.

மறுநாள் அந்தச் சிறுமியை அருகில் அமர வைத்து 100 என்று எழுதிய நீள அட்டையையும், 5 என்று எழுதிய சிறிய அட்டையையும் கொடுத்தேன். முதலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பத்து ரூபாய்த் தாள் பத்தும் ஒரு ரூபாய் நாணயம் ஐந்தும் எண்ணச் சொன்னேன். எண்ணினாள், அட்டைகளைப் பார்த்தாள், மறுபடியும் எண்ணினாள். பிறகு சிறிய அட்டையை எடுத்து, 100இன் கடைசிப் பூஜ்யத்தின் மேல் தானாகவே வைத்தாள். அதைத் தூக்கிப் பார்த்து மீண்டும் மூடினாள். "பூஜ்யம் எங்கயும் போகல டீச்சர், அஞ்சுக்கு அடியிலதான் இருக்குது" என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஆயிரத்துக்கு மேலுள்ள எண்களைத் தொட்டோம். அன்று அவள் பழைய பக்கத்தைத் திருப்பி, நான் அடித்திருந்த 1005இன் அருகே பென்சிலால் "ஆயிரத்து ஐந்து" என்று எழுதி என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.