'காக்கேசியன்' என்பதற்கு வெள்ளை நிறம் என்று பொருள் இல்லை

"வெள்ளையர்கள் காக்கசஸ் மலையிலிருந்து வந்தவர்கள் என்று அறிவியல் நிரூபித்ததால்தான் காக்கேசியன் என்ற பெயர் வந்தது, அதற்கு வெள்ளை நிறத்தவர் என்று பொருள்" என ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

அப்படி எந்த நிரூபணமும் கிடையாது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் தத்துவ அறிஞர் கிறிஸ்டோஃப் மைனர்ஸ் இந்தச் சொல்லை மனித இனப் பிரிவுக்குப் பயன்படுத்தினார். 1795-இல் ஜெர்மன் உடற்கூறியல் அறிஞர் புளூமென்பாக் அதை நிலைநிறுத்தினார். காக்கசஸ் மலைப்பகுதியில் உள்ள ஜார்ஜியாவின் பெண் ஒருத்தியின் மண்டையோடு அவருக்கு மிக அழகாகத் தெரிந்தது. அந்த மலைப்பகுதி மக்கள்தான் மிக அழகானவர்கள், மனித குலம் அங்கேதான் தோன்றியிருக்கும் என்று ஊகித்தார். அவ்வளவுதான் ஆதாரம்! இத்தனைக்கும், மனித வகைகள் ஒன்றோடொன்று கலந்தே இருக்கின்றன, இடையே கோடு போட முடியாது என்று சொன்னவரும் அவரேதான்.

சரி, காக்கேசியன் என்றாலே வெள்ளையரா? பஞ்சாபில் பிறந்து, முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திண்ட், தான் காக்கேசியன், எனவே அன்றைய சட்டம் குடியுரிமைக்குத் தகுதியானவராகக் குறிப்பிட்ட 'வெள்ளையர்' என்று வாதாடினார். 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அறிஞர்கள் எப்படி வகைப்படுத்தினாலும், சாதாரண மக்கள் புரிந்துகொள்ளும் பொருளில் அவர் 'வெள்ளையர்' அல்ல என்றது. அதன்பின், ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர் பலரும் அதை இழந்தார்கள்.